டப்ளினில் கையில் ஒரே ஒரு நாள்: நியூகிரேஞ்சா, கிளெண்டலாக்கா, காஷெலா, நகரமேவா?

வேலை விஷயமாகவோ, இங்கே இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கவோ டப்ளினுக்கு வருகிறவர்களுக்கு ஊர் சுற்றிப் பார்க்க மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு முழு நாள்தான். அந்த ஒரு நாளில் அயர்லாந்தின் பழமையைப் பார்க்க வேண்டும், எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிக்கெட் கிடைத்தால் நியூகிரேஞ்ச் இருக்கும் பாயின் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் போங்கள். கிடைக்காவிட்டால், அல்லது மழை விடாமல் பெய்தால், டப்ளினுக்குள்ளேயே கில்மெய்னம் சிறையையும் தேசிய அருங்காட்சியகத்தையும் பாருங்கள். மற்ற இடங்கள் எதுவும் மட்டமில்லை, சிலருக்கு அவைதான் சரியாக இருக்கும். யாருக்கு எது, ஏன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

அயர்லாந்தின் வரலாறு ஒரே இடத்தில் குவிந்து கிடக்கவில்லை. கற்காலம் பாயின் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆரம்பகாலத் துறவிகளைத் தேடினால் விக்லோ மலைப் பள்ளத்தாக்குக்கும் ஷானன் ஆற்றங்கரைக்கும் போக வேண்டும். அரசர்களும் பேராயர்களும் காஷெலில், நார்மன் பிரபுக்கள் டிரிம்மிலும் கில்கென்னியிலும், விடுதலைப் போராட்டம் டப்ளின் தெருக்களில். ஒரு நாளில் இவற்றில் நான்கைத் தொட்டுவிட்டு வந்தால், மாலையில் எது எந்தக் காலத்தது என்றே நினைவிருக்காது. எல்லாம் இடிந்த சுவர், பச்சைப் புல் என்று ஒன்றாகிவிடும். அதனால் ஒரு காலத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்கு ஒரு நாளைக் கொடுப்பதுதான் நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொன்றையும் முதலிலேயே ஒதுக்கிவிடலாம். டப்ளினிலிருந்து அதிகம் விற்கும் ஒருநாள் சுற்றுலா மோஹர் பாறைமுகடுகளுக்குத்தான். 214 மீட்டர் உயரத்தில் கடலுக்கு மேலே செங்குத்தாக நிற்கும் அந்தப் பாறைகள் அழகு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்குப் போய் அன்றே திரும்ப வேண்டும். போக மூன்று மணி நேரத்துக்கு மேல், வரவும் அதே. இயற்கையைப் பார்க்க வந்தவர்கள் போகட்டும். வரலாற்றையும் பண்பாட்டையும் பார்க்க வந்தவர்களுக்கு அந்த நேரத்தைச் செலவிட அருகிலேயே நல்ல இடங்கள் இருக்கின்றன.

சரி, பாயின் பள்ளத்தாக்கு. டப்ளினுக்கு வடக்கே காரில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் நியூகிரேஞ்ச், நௌத், டௌத் என்று மூன்று பெரிய மேடுகள். 1993-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். நியூகிரேஞ்ச் கட்டப்பட்டது ஏறக்குறைய கி.மு. 3200-இல். கீசாவின் பெரிய பிரமிடுக்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே, உலோகம் என்றால் என்னவென்றே தெரியாத உழவர்கள் கட்டியது. மேட்டின் குறுக்களவு சுமார் 85 மீட்டர், உயரம் 13 மீட்டர். அடிவாரத்தைச் சுற்றி 97 பெரிய கற்கள் படுக்கவைக்கப்பட்டிருக்கின்றன. வாசலுக்கு முன்னால் கிடக்கும் கல்தான் எல்லாப் படங்களிலும் வருவது. சுருள்களும் சாய்சதுரங்களும் அதன் உடம்பு முழுவதும் ஓடுகின்றன. கல்லைக் கல்லால் கொத்தியே செய்த வேலை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அதைப் பாருங்கள்.

உள்ளே போவதுதான் விஷயம். 19 மீட்டர் நீளமுள்ள நடை, இரண்டு பக்கமும் ஆளுயரக் கற்கள். சில இடங்களில் குனிய வேண்டும், சில இடங்களில் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய முடியும். பையை முன்னால் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். நடை முடிந்ததும் சட்டென்று இடம் விரிகிறது. தலைக்கு மேலே ஆறு மீட்டர் உயரத்துக்குக் கற்களை ஒன்றின் மேல் ஒன்றாகச் சற்றே உள்நோக்கித் தள்ளி அடுக்கிக்கொண்டே போய், உச்சியை ஒரே கல்லால் மூடியிருக்கிறார்கள். சாந்து எதுவும் கிடையாது. நடையின் கூரைக் கற்களின் மேல்பக்கத்தில் மழைத்தண்ணீர் வழிந்தோட வாய்க்கால் போலச் செதுக்கி விட்டிருக்கிறார்கள். இந்த ஊர் மழையில் ஐயாயிரம் ஆண்டுகளாக அந்த அறை ஒழுகாமல் இருக்கிறது. மூன்று பக்கமும் சிறு மாடங்கள், அவற்றில் கல் தொட்டிகள். எரித்த எலும்புகளின் எச்சங்கள் அகழாய்வில் கிடைத்தன. பின்பக்க மாடத்தில் ஒரு கல்லில் மூன்று சுருள்கள் ஒன்றோடொன்று பிணைந்தபடி இருக்கும். கடைகளில் விற்கும் பதக்கங்களில் நீங்கள் பார்த்தது அதுதான். உள்ளே படம் எடுக்கக் கூடாது. அதனால் எல்லாரும் கையை இறக்கிவிட்டுக் கண்ணால் பார்க்கிறார்கள், அதுவே எவ்வளவோ நன்றாக இருக்கிறது.

வாசலுக்கு மேலே சிறு சன்னல் போல ஒரு திறப்பு உண்டு. 1962 முதல் 1975 வரை இங்கே அகழாய்வு செய்த பேராசிரியர் மைக்கேல் ஓ'கெல்லி, மண்ணில் புதைந்திருந்த இந்தத் திறப்பைக் கண்டுபிடித்தார். எதற்காக இது என்று யோசித்து, 1967 டிசம்பர் 21 விடியற்காலையில் உள்ளே போய் இருட்டில் காத்திருந்தார். சூரியன் எழுந்ததும் ஒரு மெல்லிய கற்றை அந்தத் திறப்பின் வழியாக நுழைந்து, நடை முழுவதும் ஊர்ந்து, உள் அறையின் பின்கோடி வரை வந்தது. ஆண்டின் மிகக் குறுகிய பகலை ஒட்டிய சில நாட்களில் மட்டும், விடிந்ததும் 17 நிமிடம் இப்படி நடக்கிறது. அந்த நாட்களில் உள்ளே இருக்க வேண்டுமென்றால் குலுக்கலில் பெயர் வர வேண்டும், வானமும் தெளிவாக இருக்க வேண்டும். மற்ற நாட்களில் வழிகாட்டி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஒரு மின்விளக்கால் அந்த ஒளியைக் காட்டுகிறார். செயற்கை ஒளிதான் என்று தெரிந்தும், இருட்டில் தரையில் அந்தக் கோடு நீளும்போது யாரும் பேசுவதில்லை.

ஒரு சர்ச்சையையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. முகப்பில் பளபளக்கும் அந்த வெண்கல் சுவர் ஓ'கெல்லி திரும்ப எழுப்பியது. கற்கள் அசலானவை. தெற்கே விக்லோ மலைகளிலிருந்து கொண்டுவந்த படிகக்கல், நடுநடுவே வடக்கிலிருந்து வந்த உருண்டைக் கருங்கற்கள். அவை வாசலுக்கு முன்னால் சரிந்து கிடந்த விதத்தைப் பார்த்து, இவை ஒருகாலத்தில் சுவராக நின்றிருக்க வேண்டும் என்று அவர் முடிவுசெய்தார். பின்னால் கான்கிரீட் வைத்துக் கட்டினால்தான் அவ்வளவு செங்குத்தாக நிற்கும், கற்காலத்தில் இப்படி நின்றிருக்காது, முற்றத்தில் பரப்பித்தான் வைத்திருப்பார்கள் என்று பலர் மறுக்கிறார்கள். மறுப்பவர்கள் பக்கம்தான் நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. நௌத்தில் வாசலுக்கு முன் இதே கற்கள் தரையில் பரப்பியபடி விடப்பட்டிருக்கின்றன. இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பவர்கள் தாங்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

நௌத்தில் உள்ளே நடந்து போக விடுவதில்லை. ஆனால் கல்லில் செதுக்கிய ஓவியங்கள் அங்கேதான் அதிகம். மேற்கு ஐரோப்பாவில் இருக்கும் பெருங்கற்காலச் செதுக்கல்களில் பெரும் பங்கு அந்த ஒரு மேட்டில் இருக்கிறது. அடிவாரக் கற்களைச் சுற்றி மெதுவாக நடந்தால் பிறை, அலை, வட்டம், சூரியக் கடிகாரம் போன்ற ஒரு வடிவம் என்று மாறிக்கொண்டே போகும். மேட்டின் மேலே ஏறலாம், அங்கிருந்து ஆறும் வயல்களும் தெரியும்.

இங்கே டிக்கெட் முறை கொஞ்சம் கண்டிப்பானது. நியூகிரேஞ்சுக்கு நேராக வண்டியில் போய் இறங்க முடியாது. ஆற்றின் தென்கரையில் டோனோர் கிராமத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பார்வையாளர் மையத்துக்குப் போய், நடைபாலத்தில் ஆற்றைக் கடந்து, அவர்களுடைய சிறு பேருந்தில்தான் போக வேண்டும். உள் அறைக்கு ஒரு தடவைக்குச் சிலரைத்தான் விடுவார்கள் என்பதால் கோடையில் பல நாட்களுக்கு முன்பே இடம் தீர்ந்துவிடும். பதிவு செய்யும்போது உள் அறை சேர்ந்த டிக்கெட்தானா என்று பாருங்கள். மையத்தின் கண்காட்சிக்கு மட்டும் என்று ஒரு டிக்கெட் உண்டு, வெளியே சுற்றிப் பார்க்க மட்டும் என்றும் உண்டு. விலை குறைவு என்று அதை எடுத்துவிட்டுப் போய் நின்றால் ஏமாற்றம்தான். நௌத் எல்லா மாதங்களிலும் திறந்திருக்காது, அதையும் தேதி போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்த சுற்றுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் பிடிக்கும்.

மீதி நேரத்துக்கு இரண்டில் ஒன்று: தாரா மலை அல்லது மொனாஸ்டர்பாய்ஸ். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. பெயர் பெற்றது தாரா. அயர்லாந்தின் பேரரசர்கள் முடிசூடிய மேடு, உரிய அரசன் தொட்டால் கல் முழங்கும் என்று கதை சொல்லும் லியா ஃபால் அங்கே நிற்கிறது. 1843 ஆகஸ்ட் 15 அன்று அரசியல் தலைவர் டேனியல் ஓ'கானல், அயர்லாந்தைப் பிரிட்டனோடு இணைத்த சட்டத்தை நீக்கக் கோரி லட்சக்கணக்கானவர்களைத் திரட்டியது அங்கேதான். ஆனால் கண்ணுக்குத் தெரிவது புல் மூடிய மேடுகளும் பள்ளங்களும் மட்டுமே. முன்பே படித்துவிட்டுப் போகாதவர்களுக்கு அது ஆடு மேயும் காடாகத்தான் தெரியும். முதல்முறை வருகிறவர்களை நான் மொனாஸ்டர்பாய்ஸுக்குத்தான் அனுப்புவேன். டிராஹடா ஊருக்கு வடக்கே, மரங்களுக்கு நடுவே ஒரு சிறு கல்லறைத் தோட்டம், இன்றும் பயன்பாட்டில் இருப்பது. அதன் நடுவே ஐந்தரை மீட்டர் உயரத்தில் மியூரெடாக் சிலுவை, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்தையது. ஒரே கல்லில் விவிலியக் கதைகள் கட்டம் கட்டமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. கிழக்குப் பக்கத்தில் இறுதித் தீர்ப்பு. ஓர் ஆன்மாவைத் தராசில் வைத்து நிறுக்கிறார்கள், கீழே படுத்திருக்கும் சாத்தான் தட்டைத் தன் பக்கம் சாய்க்கப் பார்க்கிறான். எழுத்துத் தெரியாத மக்களுக்கு முன்னால் நின்று கையால் காட்டிக் கதை சொல்வதற்காகச் செய்தது என்பது அந்த இடத்தில் நின்றால் உடனே புரிகிறது. மேற்குப் பக்க அடியில், இதைச் செய்வித்த மியூரெடாக்குக்காகப் பிரார்த்தியுங்கள் என்ற வாசகமும், அதனருகே இரண்டு பூனைகளும் இருக்கும். குனிந்து தேடுங்கள். மாலை வெயில் சாய்வாக விழும்போது செதுக்கல் நன்றாக எடுத்துக் காட்டும், அதனால் இதைக் கடைசியில் வைத்துக்கொள்வது வசதி.

கார் இல்லாதவர்களுக்குப் பாயின் பள்ளத்தாக்கு கொஞ்சம் சிரமம். டப்ளின் கானொலி நிலையத்திலிருந்து டிராஹடாவுக்கு ரயில் அடிக்கடி உண்டு. அங்கிருந்து மையத்துக்குப் பேருந்து குறைவு, டாக்சி பிடிப்பதே நிம்மதி. மொனாஸ்டர்பாய்ஸையும் சேர்த்தால் டாக்சிதான் வழி. டப்ளினிலிருந்து கிளம்பும் சுற்றுலாப் பேருந்தில் போவதானால், நியூகிரேஞ்ச் உள் அறை சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் பார்த்துக்கொண்டு பணம் கட்டுங்கள்.

இப்போது கிளெண்டலாக். தெற்கே விக்லோ மலைகளுக்குள், டப்ளினிலிருந்து ஏறக்குறைய 50 கி.மீ. ஆறாம் நூற்றாண்டில் புனித கெவின் என்ற துறவி தனியாக வந்து தங்கிய பள்ளத்தாக்கு, பின்னால் பெரிய மடமாக வளர்ந்தது. அவர் கையை நீட்டிப் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தபோது கரும்பறவை ஒன்று உள்ளங்கையில் முட்டையிட்டதாம். குஞ்சு பொரிக்கும் வரை கையை அசைக்காமல் வைத்திருந்தார் என்பது இங்கே எல்லாக் குழந்தைகளுக்கும் தெரிந்த கதை. 30 மீட்டர் உயர வட்டக் கோபுரம் இன்னும் நேராக நிற்கிறது. அதன் வாசல் தரையிலிருந்து மூன்றரை மீட்டர் மேலே இருக்கும். கூம்புக் கூரை மட்டும் 1876-இல் பழைய கற்களைக் கொண்டே திரும்ப வைத்தது. மடத்துக்குள் நுழையும் இரட்டை வளைவு வாசலைத் தாண்டியதும் வலப்பக்கச் சுவரில் சிலுவை செதுக்கிய ஒரு கல்பலகை இருக்கும். அதைத் தாண்டி உள்ளே வந்துவிட்டவனுக்கு அடைக்கலம் உண்டு, யாரும் கை வைக்க முடியாது என்பது அன்றைய விதி.

கட்டடங்களை மட்டும் பார்த்தால் கிளெண்டலாக் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன் பலம் இடம்தான். இரண்டு ஏரிகள், அவற்றைச் சுற்றிச் செங்குத்தான மலைகள், கீழ் ஏரியிலிருந்து மேல் ஏரிக்குச் சமதளமான நடைபாதை. முட்டிவலி உள்ள பெரியவர்களும் ஓடியாட வேண்டிய பிள்ளைகளும் ஒன்றாக வரும் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் டப்ளினைச் சுற்றி இல்லை. பழைய மடத்தைச் சுற்றிப் பார்க்கக் கட்டணமோ முன்பதிவோ கிடையாது. கார் இல்லாதவர்களுக்கு நகர மையத்திலிருந்து நேரடிப் பேருந்து உண்டு, ஆனால் நாளுக்கு ஓரிரு முறைதான். திரும்பும் வண்டியின் நேரத்தை இறங்கியதுமே உறுதி செய்துகொள்ளுங்கள், தவறவிட்டால் திரும்புவது சிரமம். கோடை ஞாயிறுகளில் காரில் போனால் நிறுத்த இடம் கிடைக்காமல் திரும்பியவர்கள் நிறைய. இரண்டு விஷயங்களில் இது பாயினுக்குக் கீழே நிற்கிறது. மழை வந்தால் ஒதுங்க இடம் குறைவு. அப்புறம், விளக்கிச் சொல்ல ஆள் இல்லாமல் நீங்களாகச் சுற்றினால் வரலாறு பின்னுக்குப் போய் இயற்கை மட்டும் மனதில் நிற்கும்.

காஷெல் பாறையைப் பற்றி எனக்கு இரண்டு மனம். அயர்லாந்தில் தூரத்திலிருந்து பார்க்கும்போதே மூச்சை நிறுத்தவைக்கும் கட்டடக் கூட்டம் அது ஒன்றுதான். டிப்பரேரி சமவெளியிலிருந்து தனியே எழும் சுண்ணாம்புப் பாறை, அதன் தலையில் கோட்டையும் கோபுரமும் தேவாலயமும். தென்பகுதியான மன்ஸ்டரின் அரசர்களுக்குத் தலைநகராக இருந்ததை 1101-இல் திருச்சபைக்கே கொடுத்துவிட்டார்கள். 1134-இல் திருநிலைப்படுத்திய கார்மக் சிற்றாலயம் அதில் முக்கியமானது. உள்ளே மங்கிய நீலமும் சிவப்புமாகச் சுவரோவியங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஈரம் பாதிக்கும் என்பதால் சிறு குழுக்களாக, வழிகாட்டியோடுதான் விடுகிறார்கள். 1647-இல் உள்நாட்டுப் போரில் இங்கே தஞ்சம் புகுந்த மக்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். இவ்வளவும் இருக்கிறது, ஆனால் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். அதுவும் காரில். ஒருநாள் சுற்றுலாப் பேருந்துகள் இதோடு கார்க், பிளார்னி என்று சேர்த்து விற்கின்றன, அதில் காஷெலுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம் போலத்தான். சொந்தமாக வண்டி ஓட்டிப் போய், கீழே வயலில் நிற்கும் ஹோர் மடத்துக்கும் நடந்து இறங்கி அங்கிருந்து பாறையை நிமிர்ந்து பார்க்க நேரம் இருப்பவர்களுக்கு இது முதல் தேர்வாகவே இருக்கலாம். மற்றவர்கள் இரண்டாம் பயணத்துக்கு வையுங்கள்.

கில்கென்னி இதற்கு எளிய மாற்று. டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம், இறங்கி எல்லாவற்றையும் நடந்தே பார்க்கலாம். 1391 முதல் பட்லர் குடும்பத்தின் கையில் இருந்து, 1967-இல் ஊர் மக்களின் சீரமைப்புக் குழுவுக்கு வெறும் 50 பவுண்டுக்குக் கொடுக்கப்பட்ட கோட்டை ஒரு கோடியில். ஏறிப் பார்க்கக்கூடிய வட்டக் கோபுரத்தோடு புனித கேனிஸ் தேவாலயம் மறு கோடியில். இடையே இடைக்காலத் தெருக்கள். பழைய நகரம் ஒன்றில் ஒரு நாள் இருந்த நிறைவு வேண்டும் என்பவர்களுக்குப் பிடிக்கும். 544-இல் புனித கியாரன் நிறுவிய கிளான்மக்நாய்ஸ், ஷானன் ஆற்றங்கரையில், எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் ஒன்று. ஆனால் கார் இல்லாமல் போவது ஏறக்குறைய நடக்காத காரியம், அதனால் இந்த ஒப்பீட்டில் அதை மேலே கொண்டுபோக மாட்டேன்.

டப்ளின் நகரத்தையே தேர்ந்தெடுப்பது இரண்டாந்தரம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியே இல்லை. கில்மெய்னம் சிறைக்கு இணையான அனுபவம் நாட்டில் வேறெங்கும் இல்லை. 1796-இல் திறந்து 1924-இல் மூடிய சிறை. பஞ்ச காலத்தில், 1845-க்குப் பின், வெளியே பட்டினி கிடப்பதைவிட உள்ளே கொஞ்சமாவது சாப்பாடு கிடைக்குமே என்று சிறு திருட்டுச் செய்துவிட்டு வந்தவர்களால் நிரம்பி வழிந்தது. குழந்தைகளையும் அடைத்திருந்தார்கள். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சி அடக்கப்பட்டதும், மே 3 முதல் 12 வரை 14 தலைவர்களை இங்கே சுட்டுக் கொன்றார்கள். ஜோசப் பிளங்கெட் மே 3 இரவு சிறையின் சிற்றாலயத்தில் கிரேஸ் கிஃபோர்டைத் திருமணம் செய்துகொண்டார், மறுநாள் விடியலில் அவரைச் சுட்டார்கள். காயத்தால் நிற்க முடியாத ஜேம்ஸ் கானொலியை ஆம்புலன்ஸில் கொண்டுவந்து நாற்காலியில் கட்டிவைத்துச் சுட்டார்கள். கல் உடைக்கும் முற்றத்தில் இரண்டு கறுப்புச் சிலுவைகள் நிற்கின்றன. ஒன்று மற்றவர்கள் விழுந்த கோடியில், இன்னொன்று கானொலிக்காக வாயிலருகே. அவரை அதற்கு மேல் உள்ளே கொண்டுபோக முடியவில்லை. அந்த இரண்டுக்கும் இடையே இருக்கும் தூரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, எழுச்சியை ஆதரிக்காத டப்ளின் மக்கள்கூட அந்தப் பத்து நாட்களில் ஏன் மனம் மாறினார்கள் என்பது விளங்கும்.

நமக்கும் இங்கே ஒரு தொடர்பு உண்டு. 1937-இல் ராஜாஜியின் சென்னை மாகாண அமைச்சரவையில் தொழிலாளர் துறையைப் பார்த்து, பின்னாளில் குடியரசுத் தலைவரான வி. வி. கிரி, 1913 முதல் 1916 வரை டப்ளினில் சட்டம் படித்தவர். இங்கே தொழிலாளர் போராட்டமும் விடுதலை எழுச்சியும் நடந்த ஆண்டுகளிலேயே மாணவராக இருந்தார், எழுச்சிக்குப் பின் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார். பின்னாளில் அவர் தொழிற்சங்கத் தலைவரானதில் இந்த ஊருக்கும் பங்கு உண்டு.

சிறைக்கு வழிகாட்டியோடுதான் போக முடியும். டிக்கெட் 28 நாட்களுக்கு முன்பே இணையத்தில் திறக்கும், சீக்கிரமே தீரும். ரத்தானவை அன்று காலையில் சில வரும், முயன்று பார்க்கலாம்.

மீதி நாளைக் கில்டேர் தெருவிலுள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். அனுமதி இலவசம். ஞாயிறும் திங்களும் மதியம் ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள். பாயின் பள்ளத்தாக்கிலும் நாட்டின் மற்ற பகுதிகளிலும் கிடைத்த அரிய பொருட்கள் பல இருப்பது இங்கேதான்: நௌத்தில் 1982-இல் கிடைத்த, முகம் போலச் செதுக்கிய சிறு தண்டத்தலை, உருளைக்கிழங்கு தோண்டும்போது 1868-இல் கிடைத்த ஆர்டா கிண்ணம், துடுப்புகளோடு கூடிய தங்கப் படகு. ஆனால் நின்றுவிட வேண்டிய இடம் சதுப்புநில மனிதர்களின் அறை, சதுப்புநிலத்தில் அழுகாமல் கிடைத்த பழங்கால உடல்கள் இருப்பது. 2003-இல் கிடைத்த ஓல்டுகிரோகன் மனிதனுக்குத் தலையில்லை, இடுப்புக்குக் கீழே இல்லை. கைகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. விரல் ரேகை, வெட்டிய நகம், புயத்தில் பின்னிய தோல் பட்டை எல்லாம் தெரியும். இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் பலியிடப்பட்டவன். கடின வேலை செய்யாத கை என்று நகத்தைப் பார்த்தே சொல்கிறார்கள். ஓர் அரசனாகவோ அரசனாக வேண்டியவனாகவோ இருக்கலாம் என்பது அருங்காட்சியகத்தின் கருத்து. சின்னப் பிள்ளைகளை அந்த அறைக்குக் கூட்டிப்போவதற்கு முன் நீங்கள் ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுங்கள்.

கெல்ஸ் நூலை விட்டுவிட்டாயே என்று கேட்பார்கள். கி.பி. 800-ஐ ஒட்டிக் கன்றுத்தோலில் எழுதி வரைந்த அந்தச் சுவிசேஷப் பிரதி உலகின் அரிய பொருட்களில் ஒன்று, மறுக்கவே மாட்டேன். ஆனால் டிரினிட்டி கல்லூரியில் கூட்டத்தோடு நகர்ந்து, கண்ணாடிக்குள் திறந்திருக்கும் ஒன்றிரண்டு பக்கங்களைச் சில நிமிடம் பார்க்கத்தான் முடியும். அங்கே பழைய நூலகத்தின் நீண்ட கூடத்திலிருந்த இரண்டு லட்சம் பழைய நூல்களையும் சீரமைப்புக்காக அலமாரிகளிலிருந்து எடுத்திருக்கிறார்கள். முழு நூலின் பக்கங்களையும் கல்லூரியே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, பெரிதாக்கிப் பார்க்கலாம். சுவடிகளில் ஆர்வம் உள்ளவர்கள் டப்ளின் கோட்டைக்குள் இருக்கும் செஸ்டர் பீட்டி நூலகத்துக்குப் போவது மேல். கட்டணம் இல்லை, கூட்டமும் குறைவு. புதிய ஏற்பாட்டின் மிகப் பழைய பாப்பிரசுத் தாள்கள் முதல் முகலாய ஓவியங்கள் வரை நிதானமாகப் பார்க்கலாம்.

எந்த மாதம் வருகிறீர்கள் என்பதும் முடிவை மாற்றும். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், நியூகிரேஞ்சை முடித்துவிட்டு மொனாஸ்டர்பாய்ஸில் சாவகாசமாக நிற்கலாம். டிசம்பரில் எட்டரைக்கு மேல்தான் விடியும், நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அப்போது காஷெல் வேண்டவே வேண்டாம், கிளெண்டலாக்கும் அவசர அவசரமாகத்தான் முடியும். நகரம்தான் சரி. காரில் போகிறவர்களுக்கு நம் ஊர் போலவே இடப்பக்க ஓட்டம் என்பது வசதி. ஆனால் எம்50 வட்டச்சாலையில் சுங்கச்சாவடியே கண்ணில் படாது. கேமரா எண்ணைப் பிடித்துக்கொள்ளும், மறுநாள் இரவு எட்டு மணிக்குள் பணத்தை இணையத்திலோ கடையிலோ கட்டாவிட்டால் அபராதம் வரும். வாடகைக் காரில் அது ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று எடுக்கும்போதே கேளுங்கள். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் கையில் சோறு கட்டிக்கொண்டு போவது நல்லது. இந்த இடங்களில் காய்கறி சூப்பும் பழுப்பு ரொட்டியும் கிடைக்கும், சூப்பில் கோழிச்சாறு சேர்த்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயணத் தேதி முடிவானதும் முதலில் நியூகிரேஞ்ச் உள் அறைக்கான டிக்கெட்டைத் தேடுங்கள். கிடைத்தால் காலை நேரத்தை எடுங்கள், மதியத்துக்கு மேல் மொனாஸ்டர்பாய்ஸ். அது இல்லையென்றால் 28 நாள் கணக்குப் பார்த்துக் கில்மெய்னத்தில் காலை டிக்கெட், பிறகு கில்டேர் தெரு. இரண்டுமே கைவிட்டுப் போய், வானிலை அறிக்கையும் நன்றாக இருந்தால், எந்தப் பதிவும் கேட்காத கிளெண்டலாக்குக்குக் காலைப் பேருந்தைப் பிடியுங்கள், மழைச்சட்டையை மறக்காமல்.